நாற்பதைத் தாண்டியபின் மங்கும் செவி: டச்சு, பெல்ஜியக் குடும்பங்களில் ஒரு மரபணுப் பிழை

1988-ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த வெர்ஹாகன், ஹாய்கன், யோஸ்டன் என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு நரம்பியல் இதழில் சில பக்கங்களே கொண்ட ஓர் அறிக்கையை வெளியிட்டார்கள். ஒரே குடும்பத்தில் நடுவயதை எட்டியவர்களுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே போகிறது. கூடவே உடலின் சமநிலையும் கெடுகிறது. இது தலைமுறை விட்டுத் தலைமுறை தொடர்கிறது. அவர்கள் சொன்னது அவ்வளவுதான். அப்போது அந்த நோய்க்கு மரபணுவும் தெரியாது, எண்ணிட்ட பெயரும் கிடையாது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2000-இல், வெர்ஹாகன் குழு அதே நோயைப் பற்றி மீண்டும் எழுதியபோது குற்றவாளியின் பெயர் தெரிந்திருந்தது: 14-ஆம் குரோமோசோமில் இருக்கும் சிஓசிஎச் (COCH) என்ற மரபணு. நோயின் பெயர் டிஎஃப்என்ஏ9 (DFNA9).

பெரியவர்களுக்கு வரும் காது மந்தத்தைப் பற்றிப் பேசும்போது இந்த நிகழ்வை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்றால் ‘பரம்பரையா?’ என்ற கேள்வி உடனே எழுகிறது. ஐம்பது வயதுக்காரருக்குக் கேட்கவில்லை என்றால் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வயதாகிவிட்டது, ஆலைச் சத்தம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று ஏதாவது ஒரு காரணம் கையருகில் கிடைத்துவிடுகிறது. டிஎஃப்என்ஏ9 குடும்பங்களிலும் பல தலைமுறைகளாக இப்படித்தான் நடந்திருக்கும். தாத்தாவுக்குக் காது கேட்காது, அப்பாவுக்கும் வயதானபின் கேட்கவில்லை. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவது எளிது.

நோயின் போக்கு

இந்த நோய் உள்ளவர் இளமையில் முழு ஆரோக்கியத்தோடு இருப்பார். பள்ளிப் படிப்பு, வேலை, திருமணம், குழந்தைகள் எல்லாம் குறையில்லாமல் நடக்கும். பெரும்பாலும் முப்பதுகளின் பின்பகுதியிலிருந்து ஐம்பதுகளுக்குள் மாற்றம் தொடங்கும். முதலில் போவது உச்ச அதிர்வெண் ஒலிகள். கேட்கும் திறனை அளந்து வரையும் படமான ஆடியோகிராமில் இடப்பக்கக் கோடு, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான பகுதி, ஏறக்குறைய இயல்பாக இருக்கும். வலப்பக்கம் 4000, 8000 ஹெர்ட்ஸை நெருங்கும்போது கோடு கீழே சரியும். அந்த நிலையில் ஒருவரிடம் கேட்டால் ‘காது கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை’ என்பார். ச, ஸ, ஷ போன்ற மெய்யெழுத்துகளின் ஆற்றல் மேல் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. உயிரெழுத்துகள் காதில் விழும், சொல் பிடிபடாது. கல்யாண மண்டபம், உணவகம் போன்ற இரைச்சலான இடங்களில் இது பல மடங்கு ஆகும். பிறகு ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா அதிர்வெண்களும் இறங்கி, பலருக்குச் சாதாரணச் செவிக்கருவி பயன்படாத அளவுக்குப் போய்விடும்.

இதுவரை சொன்னது மூப்பினால் வரும் மந்தத்தைப் போலவே தோன்றும். வித்தியாசம் சமநிலையில் இருக்கிறது. கேட்பதற்கான நத்தைச்சுருளும் உடலை நிலைநிறுத்தும் அரைவட்டக் குழல்களும் ஒரே எலும்பறைக்குள், ஒரே திரவத்தில் மூழ்கிக் கிடக்கும் அண்டை உறுப்புகள். டிஎஃப்என்ஏ9-இல் இரண்டும் சேர்ந்தே பாழாகின்றன. 2005-இல் நெதர்லாந்தின் நெய்மேகன் குழு இந்தப் பிழையைச் சுமக்கும் 74 பேரின் பரிசோதனை முடிவுகளை ஆராய்ந்தது. கேட்கும் திறன் இறங்கத் தொடங்கும் முன்பே சமநிலை உறுப்பு சிதையத் தொடங்கிவிடுகிறது என்று அது கண்டது. ஆனாலும் நோயாளிகள் மருத்துவரிடம் காதைப் பற்றித்தான் முதலில் சொல்கிறார்கள், ஏனென்றால் சமநிலைக் குறையைக் கண்ணும் பாதத்தின் தொடு உணர்வும் நெடுங்காலம் ஈடுகட்டிவிடுகின்றன. வெளிச்சத்தில் எல்லாம் சரியாக இருக்கும். இருட்டில், மெத்தென்ற மணலில், மேடுபள்ளமான தரையில் கால் வைக்கும்போதுதான் தடுமாற்றம் வெளிப்படும். நடந்துகொண்டே கடைப் பலகையைப் படிக்க முயன்றால் எழுத்துகள் மேலும் கீழும் குதிக்கும். தலை அசையும்போது பார்வையை நிலையாக வைத்திருப்பது உள்காதின் வேலை. அந்த வேலை நின்றுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

மருத்துவமனையில் இதைச் சோதிக்கும் பழைய முறை எளிமையானது. 30 பாகை செல்சியஸ் நீரையும் பிறகு 44 பாகை நீரையும் காதுக்குள் செலுத்துவார்கள். நலமான காதில் அந்த வெப்ப மாறுபாடு குழலுக்குள் இருக்கும் திரவத்தை அசைக்கும். கண்கள் ஒரு பக்கமாகத் துடிக்கத் தொடங்கும். படுத்திருப்பவருக்கு அறையே சுழல்வதுபோல் இருக்கும். இந்த நோய் முற்றியவரின் காதில் நீரை ஊற்றினால் எதுவுமே நடப்பதில்லை. கண் அசையாது, தலை சுற்றாது. சோதனையில் தொல்லை ஏற்படவில்லை என்று நோயாளி நிம்மதியடையலாம். மருத்துவருக்கு அதுதான் கவலைக்குரிய முடிவு.

நோய் இன்னொரு விதத்திலும் மருத்துவர்களை ஏமாற்றியிருக்கிறது. 1999-இல் பெல்ஜிய, டச்சுக் குடும்பங்களை ஆராய்ந்த ஃபிரான்சன் குழு, இந்தப் பிழை உள்ள நோயாளிகளில் நால்வரில் ஒருவருக்கு மேல், உள்காதைத் தாக்கும் வேறொரு நோயான மெனியர் நோய்க்குரிய அறிகுறிகள் இருந்ததாக எழுதியது: திடீர்த் தலைச்சுற்றல், காதிரைச்சல், காது அடைத்ததுபோன்ற உணர்வு. மெனியர் நோய் என்று எழுதிவிட்டால் அதோடு குடும்ப வரலாற்றைக் கேட்கும் தேவை முடிந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தில் இரண்டாவது ஆளுக்கும் அதே பெயர் எழுதப்பட்டால் அங்கே கையை நிறுத்தி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புரதம் என்ன செய்கிறது

சிஓசிஎச் மரபணுவைக் கண்டுபிடித்த கதை நோயாளியிடம் தொடங்கவில்லை. பாஸ்டன் நகரில் சிந்தியா மார்ட்டனும் நாஹித் ராபர்ட்சனும் உள்காதில் எந்த மரபணுக்கள் மிகுதியாக வேலை செய்கின்றன என்று தேடினார்கள். மனிதக் கருவின் நத்தைச்சுருளிலிருந்து மரபணுச் செய்திகளைத் திரட்டி, மற்ற திசுக்களிலும் காணப்படுவதைக் கழித்துப் பார்த்தார்கள். அப்படிக் கழித்தபின் எஞ்சி நின்றவற்றுள் ஒன்றுதான் இது. அவர்களது முதல் அறிக்கை 1994-இல் வெளிவந்தது. இந்த மரபணு உருவாக்கும் காக்லின் என்ற புரதம் 550 அமினோ அமிலங்களால் ஆனது. உள்காதில் அது ஏராளமாக இருக்கிறது. உயிரணுக்களுக்கு வெளியே, அவற்றைத் தாங்கும் திசுப் பரப்பில் தங்குவது அதன் வழக்கம். 1998-இல் அதே குழு மூன்று அமெரிக்கக் குடும்பங்களில் இந்த மரபணுவின் பிழைகளைக் காட்டியது.

அதற்கும் முன்பே வேறொரு தடயம் நுண்நோக்கியின் கீழ் காத்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் கேதர்பால், ஷுக்நெக்ட் முதலியோர் இப்படிப்பட்ட குடும்பங்களில் இறந்தவர்களின் பொட்டெலும்புகளை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார்கள். நத்தைச்சுருளின் சுவரைப் பிடித்திருக்கும் திசுவிலும், சமநிலை உறுப்புகளின் அடித்தளத்திலும், இயல்பான உயிரணுக்கள் குறைந்து, ஒரே சீரான, இளஞ்சிவப்பாகச் சாயமேறும் படிவு நிரம்பிக் கிடந்தது. நரம்பு இழைகள் செல்லும் நுண்வழிகளையும் அது விட்டுவைக்கவில்லை. ஒலியை உணரும் மயிரணுக்கள் மட்டுமே காது மந்தத்துக்குக் காரணம் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது புதிய காட்சி. இங்கே முதலில் கெடுவது மயிரணுவைச் சுற்றியிருக்கும் நிலம்.

டச்சு, பெல்ஜியக் குடும்பங்களின் பிழை 1999-இல் தெரிந்தது. மரபணு என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன வாசகம். அதன் 151-ஆம் எழுத்தில் சி இருக்க வேண்டிய இடத்தில் டி. விளைவாகப் புரதத்தின் 51-ஆவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின். ஒரே ஓர் எழுத்து. 2001-இல் இந்த நோயாளிகளின் குரோமோசோமில் பிழையைச் சுற்றியுள்ள பகுதியை ஒப்பிட்டபோது, எல்லைக்கு இருபுறமும் வாழும் குடும்பங்கள் ஒரே துண்டைப் பகிர்ந்துகொள்வது தெரியவந்தது. அதாவது, ஒருவரையொருவர் அறியாத இந்தக் குடும்பங்கள் அனைத்துக்கும் என்றோ வாழ்ந்த ஒரே மூதாதை இருந்திருக்கிறார். குழந்தை பெறும் வயதைத் தாண்டிய பிறகே நோய் தலைகாட்டுவதால் அது வம்சத்தைக் குறுக்கவில்லை, தடையின்றிப் பரவியது. இன்று இரு நாடுகளிலும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இதைச் சுமப்பதாகக் கணிக்கிறார்கள்.

பிழை நிகழ்ந்த பகுதி, குதிரைலாட நண்டின் ரத்தத்தில் பாக்டீரிய நஞ்சை மோப்பம் பிடிக்கும் ஒரு புரதத்திலும் காணப்படும் அமைப்பு. உள்காதில் தொற்று ஏற்படும்போது காக்லினிலிருந்து இந்தத் துண்டு வெட்டிவிடப்பட்டு எதிர்ப்புப் பணியில் ஈடுபடுகிறது என்று சுண்டெலிகளில் 2019-இல் காட்டியிருக்கிறார்கள். காதுக்குக் காவலாக அமைந்த பகுதியே பிழைபட்டால் காதைக் கெடுக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

ஆண், பெண்

14-ஆம் குரோமோசோம் பால் சார்ந்தது இல்லை. ஆகவே டிஎஃப்என்ஏ9 அப்பாவிடமிருந்து மகளுக்கும், அம்மாவிடமிருந்து மகனுக்கும், எந்தத் திசையிலும் போகலாம். ஒரு பிரதியில் பிழை இருந்தாலே நோய் வரும்; ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. நம் ஊரில் பரம்பரைக் காது கேளாமை என்றாலே சொந்தத்தில் திருமணம் செய்ததுதான் காரணம் என்று ஒரு முடிவு தயாராக இருக்கிறது. பிறவிக் குறைகள் பலவற்றுக்கு அது உண்மை. அங்கே இரு பெற்றோரிடமிருந்தும் பிழையான பிரதி வர வேண்டும். பெரியவர்களிடம் மெல்ல வளரும் இந்த வகை நோய்களுக்கு அந்த நிபந்தனை கிடையாது. ‘நாங்கள் அந்நியத்தில்தான் கட்டிக்கொண்டோம்’ என்ற பதிலால் இதை விலக்கிவிட முடியாது.

குடும்ப மரத்தில் ஆண், பெண் வேறுபாடு தெளிவாகத் தெரியும் நோய்களும் உண்டு. 1992-இல் நெதர்லாந்திலேயே வேறொரு பெரிய குடும்பத்தில் சர்க்கரை நோயும் காது மந்தமும் சேர்ந்தே இறங்குவதைக் கண்டார்கள். பிழை இருந்தது, உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் தனி மரபணுத் தொகுப்பில், 3243-ஆம் எழுத்தில். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவதால், பாதிக்கப்பட்ட ஆணின் பிள்ளைகளுக்கு அது போகாது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பிள்ளைகளுக்கே போகும். பெரியவரான பிறகு சர்க்கரையும் காது மந்தமும் ஒருசேர வந்து, தாய் வழியில் பலருக்கு அப்படியே இருக்குமானால் இதை நினைக்க வேண்டும். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் நாட்டில் இந்த நினைப்பே எழாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம்.

இன்னொரு மைட்டோகாண்ட்ரியப் பிழை, 1555-ஆம் எழுத்தில் உள்ளது, 1993-இல் விவரிக்கப்பட்டது. இதைச் சுமப்பவருக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், கனாமைசின், அமிகாசின் போன்ற ஊசி மருந்துகள் காதைப் பறித்துவிடும். அந்த மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமை, அதாவது புரதம் தயாரிக்கும் அதன் நுண்பொறியை, பிடித்து அதைக் கொல்பவை. இந்த ஓர் எழுத்து மாறினால் மனித மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமும் பாக்டீரியாவினுடையதை ஒத்த வடிவம் பெற்றுவிடுகிறது, மருந்து அதையும் பிடித்துக்கொள்கிறது. காசநோய்க்கு இந்த ஊசிகளைப் பல பத்தாண்டுகளாகப் போட்டுவந்த நாடு இந்தியா. ஊசி போடும் முன் ‘உங்கள் அம்மா வழியில் யாருக்காவது ஊசி போட்டபின் காது போனதா?’ என்று கேட்க ஒரு நிமிடம் போதும். பிழை இல்லாதவர்களுக்கும் அதிக அளவில் இந்த மருந்துகள் காதைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்கு வழி

டிஎஃப்என்ஏ9-ஐ இன்று குணப்படுத்த மருந்தில்லை. நத்தைச்சுருளுக்குள் பொருத்தி நரம்பை மின்னால் தூண்டும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவி நல்ல பலன் தருகிறது; பெல்ஜியத்தில் இம்ப்ளாண்ட் பொருத்தப்பட்ட இந்த நோயாளிகள் பேச்சைப் புரிந்துகொள்வதில் நன்றாக மீண்டதாக 2006-இல் பதிவு செய்திருக்கிறார்கள். சமநிலைக்கு அப்படிப்பட்ட கருவி வழக்கத்தில் இல்லை. கண்ணையும் காலையும் பழக்கும் உடற்பயிற்சியும், வீட்டில் இரவு விளக்கும், கைப்பிடியும்தான்.

ஆனாலும் பெரியவர்களின் மரபுக் காது மந்தங்களில் மருந்துக்கு மிகவும் ஏற்றது இதுவே என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது இந்த நிகழ்வின் மிகச் சுவையான பகுதி. காக்லின் போதாமல் காது கெடுகிறதா, அல்லது பிழையான காக்லின் நஞ்சாகிக் கெடுக்கிறதா? முதலாவது என்றால் புரதத்தைக் கூட்ட வேண்டும், இரண்டாவது என்றால் குறைக்க வேண்டும். விடை 2018-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் எழுதிய வேறொரு குடும்பத்திலிருந்து கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் சிஓசிஎச்-இன் இரு பிரதிகளும் செயலிழந்த பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே காது மந்தம். ஒரு பிரதி மட்டும் செயலிழந்த பெற்றோருக்கோ கேட்கும் திறனில் குறையில்லை. எனவே பாதி காக்லின் போதும். தறியில் ஓர் இழை குறைந்தால் துணி தாங்கும். முடிச்சு விழுந்த இழை ஓடினால் நெசவே கெடும். 51-ஆம் இடத்துப் பிழையுள்ள புரதம் தவறாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, படிவாகச் சேர்கிறது.

இதனால்தான் நெய்மேகன் ஆய்வாளர்கள் பிழையான பிரதி அனுப்பும் செய்தியை (புரதம் செய்யச் சொல்லும் ஆர்என்ஏ நகலை) மட்டும் தேடிப் பிடித்து அழிக்கும் சிறிய செயற்கை மரபணு இழைகளை வடிவமைத்தார்கள். நல்ல பிரதியின் செய்தியும் கெட்ட பிரதியின் செய்தியும் ஏறக்குறைய ஒரே வாசகம். இடையே இருக்கும் நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். 2021-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் வளர்ப்பு உயிரணுக்களில் இது நடந்தது: பிழையான செய்தி குறைந்தது, நல்லது பெரும்பாலும் தங்கியது.

நடுவயதில் தொடங்கும் நோய் என்பது இங்கே ஒரு வரமாகிறது. பிறவிக் குறைக்குக் குழந்தை பிறக்கும் முன்பே காது பாதிக்கப்பட்டிருக்கலாம். இதிலோ முப்பது, நாற்பது ஆண்டுகள் நலமான காது கையில் இருக்கிறது. எந்த வயதில், எந்த அறிகுறிக்கு முன் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதை அறிய நோயின் இயல்பான போக்கைத் துல்லியமாக அளந்தாக வேண்டும். அதனால்தான் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப், ஹாசெல்ட், நெதர்லாந்தின் நெய்மேகன் நகரங்களின் மருத்துவர்கள் அறிகுறியற்ற இளையவர்களையும் சேர்த்து ஆடியோகிராம், தலையசைவுச் சோதனை, ஸ்கேன் என்று வரிசையாக அளந்து வருகிறார்கள். 2021-இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்று 111 பேரை அளந்தது. வழியில் எதிர்பாராத அடையாளங்களும் கிடைத்தன: சிலருடைய கருவிழியில் செங்குத்தான மெல்லிய கோடுகள், முற்றிய நிலையில் அரைவட்டக் குழல்களில் எலும்பு இறுகிய இடங்கள்.

இந்த ஆய்வுகளில் சேரும் இளைஞரின் நிலையை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். முப்பது வயது, காது நன்றாகக் கேட்கிறது, அம்மாவுக்கு இம்ப்ளாண்ட். பரிசோதனை செய்தால் வரப்போவது தெரியும், தடுக்க மருந்து இன்னும் இல்லை. தெரிந்துகொள்வது அவர் உரிமை, தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமை. மரபணு ஆலோசகர் இல்லாமல் இந்தப் பரிசோதனையை ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு குடும்பத்திலிருந்து ஒரு மக்கள்தொகைக்கு

டிஎஃப்என்ஏ9 அரிய நோய் என்று ஒதுக்கிவிடலாமா? 2020-இல் அதே நெய்மேகன் குழு இன்னொரு மரபணுவைச் சுட்டியது: ரைபோர்2. பன்னிரண்டு டச்சுக் குடும்பங்களில், மரபணுவின் பன்னிரண்டு எழுத்துகள் விடுபட்ட ஒரே பிழை. சிலருக்குச் சிறு வயதிலேயே மந்தம் தொடங்குகிறது, சிலருக்கு எழுபதை நெருங்கும்போது. பொது மக்களிடம் அந்தப் பிழையின் அளவைக் கொண்டு கணக்கிட்டபோது நெதர்லாந்தில் மட்டும் சுமார் 13,000 பேர் இதைச் சுமக்கலாம் என்று வந்தது. அவர்களில் எத்தனை பேர் ‘வயதானால் இப்படித்தான்’ என்ற பதிலோடு வீடு திரும்பியிருப்பார்கள்!

சாதாரண மூப்பு மந்தத்திலும் மரபணுவின் பங்கு இருக்கிறது, ஆனால் அது நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகளின் கூட்டு. 2019-இல், தன்னார்வலர்களின் மரபணு, உடல்நலத் தகவல்களைச் சேமிக்கும் பிரிட்டனின் பயோபேங்க் தொகுப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தவர்கள் 44 மரபணு இடங்களைக் கண்டார்கள். 2022-இல் 17 ஆய்வுகளைச் சேர்த்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தபோது 48 இடங்கள். ஒவ்வொன்றும் தனியாகச் செய்வது மிகக் குறைவு. இவற்றைக் கொண்டு ஒருவருக்குக் காது எப்போது போகும் என்று சொல்ல இன்று இயலாது. இந்தத் தொகுப்புகளில் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதும் நமக்கு முக்கியம். தென்னிந்தியப் பெரியவர்களின் காது மந்தத்தில் எந்த மூதாதையின் எந்தப் பிழை ஓடுகிறது என்பதை நம் குடும்பங்களை ஆராய்ந்துதான் அறிய முடியும்.

அதற்கு முதல் கருவி மரபணு இயந்திரம் அன்று, ஒரு தாளும் பேனாவும். நடுவயதில் காது மந்தத்தோடு வருபவரிடம் மூன்று தலைமுறை குடும்ப மரத்தை வரைந்து வாங்க வேண்டும். யாருக்கு, எந்த வயதில், எந்தக் காதில் முதலில் என்று கேட்க வேண்டும். இருட்டில் நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறார்களா, சர்க்கரை யார் வழியில், காசநோய் ஊசி யாருக்குப் போட்டது என்று கேட்க வேண்டும். 1988-இல் வெர்ஹாகன் குழுவிடம் மரபணுத் தகவல் எதுவும் இல்லை. நோயாளியின் உறவினர்களையும் உட்காரவைத்துச் சோதித்தார்கள். பதினொரு ஆண்டுகள் கழித்து மரபணு ஆய்வாளர்கள் தேடியபோது அந்தக் குடும்ப மரங்கள் தயாராக இருந்தன.